டாக்டர் வைட்டும் நமது விதைக் கலயமும்

சென்ற சித்திரையில், ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நமது அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்குப் போயிருந்தோம். கொல்லைப்புறப் பந்தலில் ஓர் அவரைக் கொடி படர்ந்திருந்தது. இலையும் தண்டுமாக அது செழித்து நின்றதேயன்றிப் பூ ஒன்றுகூட அதில் இல்லை. “எங்கள் அப்பத்தா காலமாவதற்கு முன் கலயத்தில் போட்டு, சாம்பல் புரட்டி, துணியால் வாய் கட்டி வைத்திருந்த விதை இது. இருபது விதை இருக்கும். எல்லாவற்றையும் தையில் ஊன்றிவிட்டோம். காய்க்கக் காணோம். எப்போது ஊன்ற வேண்டுமென்று அவருக்குத்தான் தெரியும்” என்றார் அந்த அங்கத்தினர்.

அவரையில் சில பழைய ரகங்கள் பகற்பொழுது குறுகத் தொடங்கிய பிறகே பூக்கும் இயல்புடையவை. அவற்றை ஆடியில் ஊன்றினால் மார்கழியிலும் தையிலும் காய் பறிக்கலாம். தையில் ஊன்றினாலோ, பகல் நீண்டுகொண்டே போவதால் கொடி வளர்ந்துகொண்டே இருக்குமேயன்றிப் பூக்க மனம் கொள்ளாது. கோடையில் கிணறு வற்றியதும் அந்தக் கொடி காய்ந்துபோயிற்று. கலயத்தில் மறுவிதை ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று தலைமுறையாக ஒரு குடும்பத்தில் இருந்து வந்த ரகம், ஒரு வரி எழுதி வைக்காத குறையினால் ஒரே பருவத்தில் அற்றுப்போயிற்று. விதை கைக்கு வந்தது. விதையைப் பற்றிய செய்தி வரவில்லை.

இந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டே, தாவரங்களையும் விதைகளையும் சேகரிப்பவர்களின் தொழிலைப் பற்றி இவ்விதழில் எழுத முற்பட்டோம். அத்தொழிலில் தென்னாட்டில் மிகப் பெரும் பெயர் பெற்றவர் டாக்டர் ராபர்ட் வைட் என்பவர். அவர் செடிகளைச் சேகரித்ததோடு நில்லாமல், கோயம்புத்தூரில் பதினோரு ஆண்டுக் காலம் பருத்திச் சாகுபடிப் பரிசோதனையையும் நடத்தியவர். ஆகவே அவருடைய வரலாறு உழவருக்கும் நெசவாளருக்கும் ஒருங்கே உரியதாகிறது.

சேகரிப்பவர் செய்யும் வேலை யாது?

நமது புதுக்கோட்டைச் சீமையை வறண்ட பூமி என்று சொல்லிப் பழகிவிட்டோம். செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். மழையை நம்பிய கண்மாய்கள். கரையை ஒட்டிச் சிறிது நெல். மேட்டில் கடலையும் பயறும் கம்பும் கேழ்வரகும். ஆயினும் நம் கிராமங்களில் ஐயனார் கோயில்களைச் சுற்றி இன்றும் சிறு சிறு காடுகள் இருக்கின்றன. காசா, வீரை, பாலை முதலிய மரங்கள் அங்கே கோடையிலும் இலையுதிர்க்காமல் பசுமையாக நிற்கின்றன. தாவர நூலார் இவற்றை உலர் பசுமைமாறாக் காடுகள் என்று வகைப்படுத்தி, கிழக்குக் கடற்கரைச் சமவெளியின் பழங்காட்டில் எஞ்சிய துண்டுகளாக மதிக்கிறார்கள். கோயிற்காட்டில் விறகு ஒடித்தால் சாமி குற்றம் வரும் என்ற அச்சம் செய்த காவலை வேலியும் செய்திருக்க முடியாது.

இத்தகைய காட்டில் புகும் தாவரச் சேகரிப்பாளர் கண்ணிற்கு அழகானதைப் பறித்துச் செல்பவர் அல்லர். இலை, பூ, காய் ஆகியவை ஒரே கொம்பில் இருக்குமாறு பார்த்து ஒரு சிறு கிளையை வெட்டுகிறார். அதற்கு ஓர் எண் இட்டு, அதே எண்ணில் தமது குறிப்பேட்டில் இடம், நாள், மண்ணின் தன்மை, மரத்தின் உயரம், பூவின் நிறம், ஊரார் வழங்கும் பெயர், அவர்கள் அதைப் பயன்படுத்தும் விதம் ஆகியவற்றை எழுதிக்கொள்கிறார். பூவின் நிறத்தை அங்கேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. காய்ந்த பின் சிவப்பும் மஞ்சளும் ஒரே பழுப்பாகிவிடும். பிறகு கிளையை உறிஞ்சும் தாள்களுக்கிடையே பரப்பி, பலகையால் அழுத்திக் கட்டுகிறார். ஈரத்தை உறிஞ்சிய தாள்களை அன்றாடம் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் தவறினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். நன்கு உலர்ந்த மாதிரியை, ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள கனத்த தாளில் தைத்தோ ஒட்டியோ வைத்து, கீழ்மூலையில் விவரச் சீட்டை ஒட்டுகிறார். இத்தாள்களை வகைப்படி அடுக்கிப் பாதுகாக்கும் இடத்திற்கு ஹெர்பேரியம் என்று பெயர்.

உலகில் இதற்குமுன் எவரும் விவரிக்காத செடி ஒன்று கிடைத்தால், அதற்குப் புதுப் பெயர் சூட்டி அச்சில் வெளியிடுகிறார்கள். அப்பெயர் எந்த மாதிரியைக் கொண்டு சூட்டப்பட்டதோ அந்தத் தாள் மூல மாதிரியாகப் பேணப்படுகிறது. பின்னொரு காலத்தில் ஐயம் எழுந்தால் அந்தத் தாளையே எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் செய்வர். நிலப் பத்திரத்தில் மூலப் பத்திரம் எப்படியோ, செடியின் பெயருக்கு இத்தாள் அப்படி. சீட்டில்லாத மாதிரியோ வெறும் சருகுதான்.

வைத்தியராக வந்தவர்

ராபர்ட் வைட் 1796இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1818இல் பட்டம் பெற்று, மறுவருஷமே கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி வைத்தியராகச் சென்னை மாகாணத்திற்கு வந்து சேர்ந்தார். அக்காலத்து மருந்துகள் பெரும்பாலும் மூலிகைகளாதலால் வைத்தியம் பயின்றவர் தாவர நூலும் பயின்றாக வேண்டும். பட்டாளத்தோடு ஊர் ஊராகச் செல்லும் வைத்தியருக்குப் பல நிலங்களின் செடிகளைக் காணும் வாய்ப்பும் கிட்டிற்று.

அவருக்கு முன்னரே இந்தத் தென்கரையில் அவ்வேலை தொடங்கியிருந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் குடியேற்றத்திற்கு 1768இல் வந்த யோஹன் கெர்ஹார்ட் கோனிக் என்பவர், ஸ்வீடன் தேசத்துத் தாவர மேதை லின்னேயஸின் மாணாக்கர். செடிகளுக்கு இரு சொற்களால் பெயரிடும் லின்னேயஸின் முறை அவர் மூலம் இப்பகுதியில் வேரூன்றியது. வைட் அந்த மரபை விரிவாக்கினார்.

1826இல் வைட்டுக்குச் சென்னையில் இயற்கை ஆய்வாளர் என்ற உத்தியோகம் கிடைத்தது. ஆனால் 1828இல் கவர்னர் லஷிங்டன் அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டார். சேகரித்தவை லண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட் நாகப்பட்டினத்திற்குப் பட்டாள வைத்தியராக மாற்றப்பட்டார். பதவி போனதோடு வேலையும் போயிற்று என்று அவர் இருந்துவிடவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டே சேகரிப்பைத் தொடர்ந்தார். ஸ்காட்லாந்தில் இருந்த பேராசிரியர் ஹூக்கரோடு கடிதப் போக்குவரத்தும் நடத்தினார். 1831இல் விடுமுறையில் தாய்நாடு திரும்பியபோது அவரோடு கப்பலேறிய உலர்ந்த மாதிரிகள் ஏறத்தாழ 1,00,000. அவற்றில் 3,000 முதல் 4,000 வரை இனங்கள் இருந்தன. எடை இரண்டு டன். மூன்று ஆண்டு விடுமுறையையும் அவற்றை வகைப்படுத்துவதிலேயே செலவிட்டார். நண்பர் ஆர்னாட்டுடன் சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய முதல் தொகுதியை 1834இல் வெளியிட்டார்.

இந்தியாவுக்குத் திரும்பிய பின் அவர் கண்ட குறை ஒன்று உண்டு. சீமையில் அச்சாகும் விலையுயர்ந்த நூல்கள் இங்கே செடியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் தேடுபவருக்கு எட்டுவதில்லை. எழுத்தால் வருணித்தால் மட்டும் போதாது, படம் வேண்டும். ஆகவே கல்லச்சு முறையைத் தாமே கற்றுச் சென்னையிலேயே படங்களை அச்சிட முனைந்தார். இந்தியத் தாவரங்களின் படத்தொகுதியாக அவர் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் உள்ளன. அவற்றைத் தவிர நீலகிரித் தாவரங்களைப் பற்றியும், இந்தியத் தாவரக் குடும்பங்களைப் பற்றியும் வண்ணப் படங்களோடு கூடிய நூல்களை வெளியிட்டார். அவர் புதிதாக விவரித்த இனங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை.

படம் வரைந்த கைகள்

இவ்வளவு படங்களையும் வைட் வரையவில்லை. முதலில் ரங்கையா என்பவரும், அவருக்குப் பின்னர் கோவிந்து என்பவரும் வரைந்தார்கள். இருவரும் இந்நாட்டுச் சித்திரக்காரர்கள். தெய்வப் படங்களும் அரசர் உருவங்களும் தீட்டி வந்த மரபில் பயின்ற கைகள், பூவின் மகரந்தக் கேசரத்தையும் சூலகத்தின் குறுக்குவெட்டையும் பிழையின்றி வரையக் கற்றன. செடி வாடுவதற்குள் வரைந்தாக வேண்டும்; இதழ் எத்தனை, கேசரம் எத்தனை என்ற கணக்கில் ஒன்று பிசகினாலும் இனம் மாறிவிடும். சேலையின் முந்தானைக்கு இழை எண்ணிப் பாவு போடுபவர்க்கு இந்த உழைப்பு இத்தன்மையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

வைட் தமது படங்களில் வரைந்தவரின் பெயரை அச்சிட்டார். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் செடியின் பேரினத்திற்குக் கோவிந்தூயா என்றே பெயரும் இட்டார். பிற்கால அறிஞர்கள் அச்செடி முன்பே விவரிக்கப்பட்ட வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது என்று கண்டமையால் அப்பெயர் வழக்கொழிந்தது. ஆயினும் நூலில் அது நிலைத்திருக்கிறது. இவ்விரு சித்திரக்காரர்களின் மூலப் படங்கள் பல எடின்பரோ அரச தாவரத் தோட்டத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அத்தோட்டத்து அறிஞர் ஹென்றி நோல்ட்டி 2007இல் வைட்டைப் பற்றியும் ரங்கையா, கோவிந்து ஆகியோரைப் பற்றியும் விரிவாக எழுதி அவர்களது பெருமையை மறுபடியும் வெளிக்கொணர்ந்தார்.

இனி மற்றொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உத்தியோக வேலை மிகுந்த வைட் ஒவ்வொரு மலைக்கும் தாமே ஏறியவர் அல்லர். இந்நாட்டு ஆட்களைச் சம்பளத்திற்கு அமர்த்தி, செடி கொண்டுவர அனுப்பினார். எந்தச் செடி எந்த ஓடைக்கரையில் எந்த மாதத்தில் பூக்கும் என்பதை அவர்கள் ஊராரிடம் கேட்டறிந்தே கொணர்ந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான தாள்களில் இருப்பது வைட்டின் பெயரே. செடியைக் கண்டவர், பறித்தவர், சுமந்தவர், அதன் தமிழ்ப் பெயரைச் சொன்னவர் ஆகிய பலரும் சீட்டில் இடம் பெறாமலே போயினர். வைட்டை நாம் பாராட்டுவது எவ்வளவு நியாயமோ, இந்தக் குறையை எடுத்துச் சொல்வதும் அவ்வளவு நியாயமே.

பருத்தி கற்பித்த பாடம்

1836இல் வைட் ரெவினியூ இலாகாவுக்கு மாற்றப்பட்டார். பருத்தி, புகையிலை, நிலாவரை முதலிய விளைபொருள்களைப் பற்றி விசாரித்து அறிக்கை தருவது அவர் வேலையாயிற்று. சேகரிப்பாளர் இவ்வாறு உழவர் நிலத்தில் கால் வைத்தார். அதன் பின்னணி நம் நெசவாளருக்குத் தெரிந்ததுதான். லங்காஷயர் ஆலைகள் அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருந்தன. அந்த வரத்து என்றேனும் நின்றால் ஆலைகள் நின்றுவிடும் என்று அஞ்சிய ஆங்கில வர்த்தகர்கள், இந்தியாவிலேயே நீண்ட இழைப் பருத்தியை விளைவிக்குமாறு கம்பெனியை நெருக்கினார்கள். 1840இல் அமெரிக்காவிலிருந்து அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் பத்துப் பேர் வரவழைக்கப்பட்டு, மூன்று மாகாணங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். சென்னை மாகாணத்தில் இந்தப் பரிசோதனையை மேற்பார்க்கும் பொறுப்பு 1842இல் வைட்டிடம் வந்தது. 1853இல் ஓய்வு பெறும் வரை கோயம்புத்தூரில் அவர் அதை நடத்தினார்.

இழையின் நீளம் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்பதைச் சிறிது விளக்குவோம். நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை அடங்கும் என்ற கணக்கு. 20ஆம் நம்பர் என்றால் 20 சிட்டம். 40ஆம் நம்பர் என்றால் 40. நம்பர் உயர உயர நூல் மெல்லியதாகும். மெல்லிய நூலில் குறுக்காகக் கிடக்கும் இழைகளின் எண்ணிக்கை குறைவு. ஒவ்வோர் இழையும் நீளமாக இருந்து ஒன்றையொன்று பற்றி முறுக்கேறினால்தான் நூல் அறாது. நம் நாட்டுப் பருத்திகளில் பெரும்பாலானவற்றின் இழை ஏறத்தாழ முக்கால் அங்குலம். அமெரிக்கப் பருத்தியின் இழையோ ஓர் அங்குலத்தை ஒட்டியது. கைராட்டையில் நிதானமாக நூற்பவர் குறுகிய இழையையும் பக்குவமாக இழுத்துவிடுவார். இயந்திரத்திற்கு அந்தப் பக்குவம் இல்லை.

பண்ணையில் அமெரிக்கப் பருத்தி விளையவே செய்தது. ஆனால் குடியானவர் நிலத்தில் அது நிலைக்கவில்லை. இதற்குக் காரணங்கள் பல. நாட்டுப் பருத்தி கரிசல் மண்ணில் வடகிழக்குப் பருவமழையைக் குடித்துவிட்டு, பின்னர் வரும் வறட்சியை ஆழவேரால் தாங்கிக்கொள்ளும். புது விதையோ வேறொரு மழைக்கணக்கில் பழகியது. நாட்டுப் பருத்தியைத் தானியத்தோடு ஊடுபயிராக இட்டால் ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று குடும்பத்தைக் காக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீண்ட இழைப் பஞ்சு கொண்டுபோனவனுக்கு அதற்கேற்ற விலை சந்தையில் கிடைக்கவில்லை. நஷ்டம் வந்தால் அது தன் தலையில், லாபம் வந்தால் அது வியாபாரியின் கையில் என்ற நிலையில் புது விதையை ஏற்காத குடியானவரை அறியாதவர் என்று பழித்தல் தகாது. அவர் சரியாகவே கணக்குப் பார்த்தார்.

அப்பரிசோதனை முற்றிலும் வீணாயிற்று என்றும் சொல்வதற்கில்லை. தார்வார் பகுதியில் அமெரிக்க விதை வேரூன்றி, தார்வார்-அமெரிக்கன் என்றே பெயர் பெற்றது. ஆனால் அங்கும் மற்றொரு கேடு புகுந்தது. நல்ல பஞ்சோடு நாட்டுப் பஞ்சைக் கலந்து மூட்டை கட்டினார்கள். அரைவை ஆலையில் கொட்டைகளும் கலந்தன. கலந்த கொட்டையே மறுபருவம் விதையாயிற்று. சில ஆண்டுகளில் ரகம் கெட்டது. கலப்படத்தைத் தண்டிக்கப் பம்பாய் மாகாணத்தில் 1863இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

தாய்நாடு திரும்பிய வைட், அமெரிக்க உள்நாட்டுப் போரினால் லங்காஷயரில் பஞ்சு கிட்டாமற்போன 1860களிலும் பருத்திச் சாகுபடியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். தமது தாவரத் தொகுப்பை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்கு அளித்துவிட்டு 1872இல் காலமானார்.

விதையின் பெயரில் ஊரின் பெயர்

வைட்டால் ஆகாதது பின்னர் எவ்வாறு ஆயிற்று? 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கம்போடியா தேசத்திலிருந்து வந்த ஒரு பருத்தி விதை இங்கே பரவிற்று. அதுவும் பூர்வீகத்தில் அமெரிக்கச் சாதியே. ஆனால் அது கீழ்த்திசை நாட்டில் பழகி வந்தது. கரிசலை விட்டுச் செம்மண்ணில் கிணற்றுப் பாசனத்தோடு விதைக்கப்பட்டது. ஏற்ற மண்ணும் ஏற்ற நீரும் வாய்த்ததும் செடி நிலைத்தது. அதிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கிப் பொறுக்கி, பிற நாட்டு ரகங்களோடு சேர்த்துக் கோயம்புத்தூர் ஆராய்ச்சியாளர்கள் எம்.சி.யு. என்னும் வரிசையை உருவாக்கினார்கள். மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்னும் மூன்று இடப்பெயர்களின் முதலெழுத்துகளே அவை. அவ்வரிசையில் எம்.சி.யு. 5 என்னும் ரகம் 1968இல் வெளிவந்தது. 1974இல் சுஜாதா என்னும் ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்னும் மேற்கிந்தியத் தீவு ரகத்தையும் இணைத்து சுவின் உண்டாக்கப்பட்டது. அதன் இழை ஒன்றரை அங்குலம்; 100, 120ஆம் நம்பர் நூலுக்கும் உதவுவது. அதன் பெயரிலும் பெற்றோர் இருவரின் பெயர்களும் ஒட்டியிருக்கின்றன.

வெளிநாட்டு விதை வந்ததனால் நாட்டு விதை பயனற்றது ஆகிவிடவில்லை என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். கருங்கண்ணி முதலிய நாட்டுப் பருத்திகள் வறட்சியையும் பூச்சியையும் தாங்கும் குணமுடையவை. அவற்றின் உயிரணுவில் நிறக்கோல்கள் 26. அமெரிக்கச் சாதியில் 52. ஆகையால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. நாட்டு ரகத்தின் குணத்தை வேறொன்றிலிருந்து எளிதாகத் திரும்பப் பெற முடியாது. அது அழிந்தால் அழிந்ததுதான்.

நம் காலத்துச் சேகரிப்பாளர்கள்

வைட் விட்டுச் சென்ற வேலை நம் அண்டையிலேயே தொடர்கிறது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பாதிரியார் கே. எம். மாத்யூ 1967இல் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவினார். மாணாக்கர்களோடு சமவெளியெங்கும் சேகரித்து, தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1981 முதல் 1988 வரை வெளியிட்டார். நமது புதுக்கோட்டையும் அச்சமவெளியில் அடங்கியதே. இந்திய தாவர ஆய்வகத்தின் தென்மண்டல ஹெர்பேரியம் கோயம்புத்தூரில் இருக்கிறது.

பயிர் விதைகளைப் பொறுத்தவரை, திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நெல் ஜெயராமன் செய்த தொண்டு நாடறிந்தது. காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் என்று ஊர் ஊராகத் தேடி 174 பாரம்பரிய நெல் ரகங்களைச் சேகரித்த அவர் 2018 டிசம்பர் 6ஆம் தேதி காலமானார். சேகரித்ததைப் பூட்டி வைக்காமல் அவர் ஒரு முறையைக் கையாண்டார். ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் உழவர் ஒருவர் இரண்டு கிலோ விதை பெற்றுச் செல்வார். மறுவருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தருவார். பெற்றவர் தம் நிலத்தில் விளைவித்துப் பார்ப்பதால் ரகம் உயிரோடு இருக்கிறது. திருப்பித் தருவதால் மேலும் இருவருக்குக் கிடைக்கிறது. கூட்டுறவின் சாரமே இதுதான் என்று நமது அங்கத்தினர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

புது தில்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரி குளிரில் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் முதலில் கேட்கப்படுவது எங்கே, எப்போது, எவரிடம் பெற்றது என்பதே. நமது மாவட்டத்தில் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட உளுந்து ரகங்களுக்கு வம்பன் என்றே பெயர். நம் ஊரின் பெயர் விதைப்பையின் மேல் அச்சாகித் தமிழ்நாடெங்கும் செல்வதில் நமக்குப் பெருமை உண்டு.

விதையைப் பேணும் உரிமையும் நமக்குச் சட்டப்படி இருக்கிறது. பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, உழவர் தம் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், பிறரோடு மாற்றிக்கொள்ளவும், விற்கவும் இடமளிக்கிறது. காப்புரிமை பெற்ற ரகத்தை வர்த்தக முத்திரையிட்டு விற்பது மட்டும் கூடாது. 2002ஆம் வருஷத்து உயிரியல் பன்மயச் சட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று இருத்தல் வேண்டும். ஊரில் எந்தச் செடி, எந்த விதை, யாருக்கு அதைப் பற்றித் தெரியும் என்று எழுதும் ஏடு அது. வைட்டின் சீட்டில் விடுபட்டதை நிரப்ப இது தக்க இடம்.

நாம் செய்யக்கூடியது

நமது சங்கத்தில் விதைக்கென ஒரு சிறு அலமாரி ஒதுக்குவதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. விதை வைக்கும் முறையை முதலில் சொல்வோம். நோயற்ற செடிகளிலிருந்து, கலப்பில்லாத நடுவயலில், முற்றிய கதிரையோ காயையோ தெரிந்தெடுக்க வேண்டும். பருத்தியில் வண்டுகளும் தேனீக்களும் மகரந்தத்தைக் கொண்டு செல்வதால் அடுத்த ரகம் குறைந்தது 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். உச்சிவெயிலைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் உலர்த்துவது நல்லது. ஈரம் நெல்லில் 13 சதவீதத்திற்கும், பயறில் 9 சதவீதத்திற்கும் மேற்படாமல் இருத்தல் நலம். பல்லால் கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடைய வேண்டும் என்று நம் பெரியோர் சொல்வதும் இதே அளவைத்தான். வீரிய ஒட்டு ரகங்களின் விதையை மட்டும் எடுத்து வைத்தல் வேண்டாம். அடுத்த தலைமுறையில் குணம் சிதறிவிடும். ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைக்காமல் மூன்று வீடுகளிலேனும் பிரித்து வைக்க வேண்டும். கையிலிருப்பதை ஒரேயடியாக விதைத்துவிடவும் கூடாது.

அடுத்தது சீட்டு. அதில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும்: விதைக்கு ஊரார் வழங்கும் பெயர், விளைந்த ஊரும் மண்ணும், எடுத்த நாள், விதைக்க வேண்டிய பட்டம், விதையைக் கொடுத்தவரின் பெயர். சீட்டைப் பென்சிலால் எழுதி ஒன்றைக் கலயத்தினுள்ளும் மற்றொன்றை வெளியிலும் வைத்தால், ஈரம் பட்டாலும் எழுத்து அழியாது. அதே செய்தியைச் சங்கத்தின் ஏட்டிலும் பதிந்துகொள்ள வேண்டும். நெசவாளர் குடும்பங்களும் இதில் சேரலாம். சாயத்திற்கு முன்பு பயன்பட்ட அவுரி, சாயவேர் முதலியவற்றைப் பற்றிய செய்திகள் இன்னும் சில முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. அவற்றையும் எழுதிக்கொள்ளலாம்.

ஐந்தாவது செய்தியை எவரும் விட்டுவிடலாகாது. விதையைக் காத்தவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்மக்கள். நிலப் பட்டாவில் அவர்கள் பெயர் இல்லாமற்போயினும் விதைச் சீட்டிலாவது இருக்கட்டும்.

ஆலங்குடிப் பக்கத்து அந்த அங்கத்தினரைப் பிறகு ஒருநாள் சந்தித்தோம். அப்பத்தாவின் தங்கை பக்கத்து ஊரில் இருப்பதாகவும், அவர் வீட்டுப் பரணில் அதே அவரை விதை ஒரு பிடி இருக்கக்கூடும் என்றும் சொன்னார். போய்க் கேட்டு வருவதாகவும் சொல்லியிருக்கிறார். நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் இவ்வாறே கேட்டு, கிடைப்பதில் ஒரு பிடியைச் சீட்டோடு சேர்த்து ஆடி பிறப்பதற்கு முன் சங்க அலுவலகத்தில் கொடுத்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.